ஹபிளின் கேமராவுக்கு மறுபடி குளிர் தந்த சிறு நிறுவனம்: அமெரிக்க எஸ்.பி.ஐ.ஆர். நிதி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1999 ஜனவரி தொடக்கத்தில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புக் கேமரா வேலை செய்வதை நிறுத்தியது. நிக்மாஸ் என்று பெயர். கேமராவின் மின்னணுப் பகுதிகளில் ஒரு கோளாறும் இல்லை. குளிர் தீர்ந்துபோனதுதான் பிரச்சினை.

அகச்சிவப்புக் கதிர் என்பது வெப்பத்தோடு உறவுள்ள ஒளி. அதைப் பிடிக்கும் உணரி தானே சூடாக இருந்தால், தன் சொந்த இரைச்சலிலேயே மூழ்கிவிடும். அதனால் நிக்மாஸின் உணரிகளைச் சுமார் 60 கெல்வினில், அதாவது உறைநிலைக்குக் கீழே 210 டிகிரிக்கும் அதிகமான குளிரில் வைத்திருந்தார்கள். வெற்றிடச் சுவர் கொண்ட ஒரு குடுவைக்குள் 100 கிலோவுக்கு மேல் திட நைட்ரஜனை அடைத்து, அது மெல்ல மெல்ல ஆவியாகும்போது உணரிகள் குளிர்ந்தே இருக்கும்படி செய்த ஏற்பாடு அது. நான்கரை ஆண்டுகள் தாங்க வேண்டும் என்பது கணக்கு.

1997 பிப்ரவரியில் டிஸ்கவரி விண்கலத்தில் போன வீரர்கள் அதைப் பொருத்திவிட்டு வந்தார்கள். சில வாரங்களுக்குள் தவறு தெரிந்தது. உறைந்த நைட்ரஜன் விரிந்து குடுவையின் உட்பகுதியை நெளித்திருந்தது. ஒன்றையொன்று தொடக் கூடாத இரண்டு பாகங்கள் தொட்டுக்கொண்டன. அந்தத் தொடுபுள்ளி வழியாக வெளியிலிருந்து வெப்பம் உள்ளே கசிய, நைட்ரஜன் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் கரைந்தது. நான்கரை ஆண்டுக்கான குளிர் இரண்டே ஆண்டில் முடிந்தது.

விண்வெளியில் நைட்ரஜனை மறுபடி நிரப்ப வழியில்லை. அப்போது மீட்புக்கு வந்தது, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கும் கிரியேர் என்ற பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய இயந்திரக் குளிர்விப்பான். அந்த இயந்திரம் நிக்மாஸுக்காகத் தொடங்கப்பட்டது கிடையாது. நிக்மாஸ் பழுதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே, உடனடியாக வாங்க ஆளில்லாத நிலையில், அரசின் சிறு நிறுவன ஆய்வு நிதி (எஸ்.பி.ஐ.ஆர்.) உள்பட பல அரசு ஒப்பந்தங்களில் அது வளர்ந்து வந்தது. அப்படி வளர விட்ட ஏற்பாடு எது, அது எந்த இடத்தில் கைவிட்டிருக்கும் என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

பணம் வந்த வழி

எஸ்.பி.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிறு வணிகப் புத்தாக்க ஆய்வுத் திட்டத்தின் விதை, 1977இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி நடத்திய முன்னோட்டத் திட்டம். அது பிடித்துப்போய், 1982 ஜூலை 22 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டமாக மாறியது. சட்டத்தின் கருத்து எளிது. வெளியாட்களுக்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஆய்வுப் பணம் தரும் ஒவ்வொரு அரசுத் துறையும், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கியே ஆக வேண்டும். தொடக்கத்தில் 0.2 சதவீதம். படிப்படியாக உயர்ந்து 2017இலிருந்து 3.2 சதவீதம். பாதுகாப்புத் துறையின் ஆய்வுச் செலவு மிகப் பெரியது என்பதால், மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி அங்கிருந்தே வருகிறது. நாசாவும் பெரிய பங்காளி.

500 பேருக்கு மேல் வேலை செய்யாத, லாப நோக்கில் நடக்கும் அமெரிக்க நிறுவனமாக இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் ஒரு யோசனை நடக்குமா என்று பார்க்க சிறு தொகை. 1982இல் அது சுமார் 50,000 டாலர். நடக்கும் என்று தெரிந்தால், மாதிரி செய்து காட்ட இரண்டாம் கட்டம். அப்போது 5 லட்சம் டாலர் வரை. இப்போது இந்த வரம்புகள் பல மடங்கு உயர்ந்துவிட்டன. அரசு, அந்த நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் சொல்வதில்லை. கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்துக்கே.

மூன்றாம் கட்டம்தான் கவனிக்க வேண்டிய இடம். அதற்கு இந்தத் திட்டத்தில் பணமே கிடையாது. உருவான பொருளை ஒரு அரசுத் திட்டமோ தனியாரோ தன் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: முதல் இரண்டு கட்டங்களில் போட்டி ஏற்கெனவே நடந்துவிட்டதாகக் கருதப்படுவதால், மறுபடி டெண்டர் விடாமல் நேரடியாக அந்த நிறுவனத்திடமே வாங்கலாம். பெரிய ஒப்பந்தக்காரர்களோடு மோத வேண்டிய ஒரு சிறு நிறுவனத்துக்கு இதன் மதிப்பு, முதல் கட்டத்தில் கையில் கிடைக்கும் பணத்தைவிட அதிகம் என்பது என் எண்ணம். இதோடு, அந்த ஆய்வில் உருவான தொழில்நுட்பத் தரவை அரசு வெளியே கொடுத்துவிடாமல் காக்கும் பாதுகாப்பும் உண்டு. சிவில் துறைகளில் அது முன்பு 4 ஆண்டுகள். 2019இலிருந்து 20 ஆண்டுகள்.

எதற்காக ஒரு குளிர்விப்பான்?

1980களில் அமெரிக்காவின் ஏவுகணை எதிர்ப்பு ஆய்வு சூடு பிடித்திருந்தது. எதிரி ஏவுகணையை விண்ணிலிருந்து பின்தொடர அகச்சிவப்பு உணரிகள் வேண்டும். அந்த உணரிகளைச் செயற்கைக்கோளில் ஐந்து, பத்து ஆண்டுகள் குளிராகவே வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டி போல உறைந்த வாயுவை ஏற்றி அனுப்பினால் தீர்ந்துபோகும். ஃப்ரிட்ஜ் போல ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் தேவை. வானியலுக்கும் இதே தேவைதான். நாசாவின் கோடார்ட் மையமும் பாதுகாப்புத் துறையும் இந்த ஒரே கேள்வியை வேறு வேறு காரணங்களுக்காகக் கேட்டன. இரண்டிடமிருந்தும் கிரியேருக்கு ஒப்பந்தங்கள் வந்தன.

அப்போது முன்னணியில் இருந்தது ஸ்டர்லிங் வகைக் குளிர்விப்பான். அதில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய் வரும். நன்றாகக் குளிர்விக்கும், ஆனால் அதிரும். ஹபிளுக்கு அதிர்வு ஆகாது. அது ஒரு விண்மீனைப் பார்த்து நிற்கும் துல்லியம் சுமார் 0.007 ஆர்க் விநாடி. பல நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு சிறு நாணயத்தின் அகலத்துக்குள் பார்வையை நிறுத்துவதற்குச் சமம். அதன் உடம்பிலேயே ஒரு பிஸ்டன் ஆடினால் படம் கலங்கும்.

கிரியேர் எடுத்துக்கொண்டது டர்போ பிரைடன் என்ற சுழற்சி. முன்னும் பின்னும் போகும் பாகமே இல்லை, எல்லாம் சுழலும். நியான் வாயுவை ஒரு கம்ப்ரஸர் அழுத்துகிறது. அழுத்தத்தில் உண்டான வெப்பத்தை வெளியேற்றிவிட்டு, வாயுவை ஒரு வெப்பப் பரிமாற்றி வழியாக அனுப்புகிறார்கள். அங்கே திரும்பி வரும் குளிர்ந்த வாயு, உள்ளே போகும் வாயுவை முன்கூட்டியே குளிர்விக்கிறது. கடைசியில் ஒரு சின்ன டர்பைனில் வாயு விரிகிறது. விரியும்போது டர்பைனைச் சுழற்றி வேலை செய்வதால் தன் ஆற்றலை இழந்து இன்னும் குளிர்கிறது.

காகிதத்தில் இது பழைய பாடம். பெரிய ஆலைகளில் வாயுவைத் திரவமாக்க இதே முறை பல காலமாக இருக்கிறது. கடினம் எல்லாம் சிறிதாக்குவதில்தான். டர்பைன் சிறுத்தால், திறன் குறையாமல் இருக்க அது மிக வேகமாகச் சுற்ற வேண்டும். நிக்மாஸுக்காகப் போன அமைப்பில் சுழலிகளின் வேகம் நிமிடத்துக்கு 4 லட்சம் சுற்றுகள் வரை. அந்த வேகத்தில் எந்த பால் பேரிங்கும் ஆண்டுக்கணக்கில் தாங்காது. எண்ணெய் போட்டால் அந்தக் குளிரில் உறைந்துவிடும். அதனால் வாயுவையே பேரிங்காக்கினார்கள்: சுழலி வேகமெடுத்ததும் தன்னைச் சுற்றி உள்ள வாயுவை இழுத்து மெல்லிய படலமாக்கி, அதன்மேல் மிதக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசுவதே இல்லை. உரசல் இல்லாததால் தேய்மானமும் இல்லை. அதிர்வு இருந்தாலும் அது மிக உயர்ந்த அதிர்வெண்ணில், மிக லேசான சுழலியிலிருந்து வருவதால் தொலைநோக்கியின் உடம்பு அதை உணராது.

படலத்தின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்கில். சுழலியும் உறையும் அந்த அளவு துல்லியமாக இல்லாவிட்டால் தொட்டுக்கொண்டு அழிந்துவிடும். வெப்பப் பரிமாற்றியும் சளைத்ததில்லை. திரும்பும் வாயுவின் குளிரை ஏறக்குறைய முழுவதும் மீட்காவிட்டால் மொத்த இயந்திரமும் பயனற்றது. இப்படிப்பட்ட வேலையை ஒரு ஆய்வுக் கட்டுரையோடு முடிக்க முடியாது. செய்து பார்த்து, உடைத்து, மறுபடி கடைந்து, பல ஆயிரம் மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அறிவு வரைபடத்தில் தங்குவதில்லை. கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்பவர்களின் கையில் தங்குகிறது. எஸ்.பி.ஐ.ஆர். போன்ற சிறு சிறு ஒப்பந்தங்கள், ஒன்று முடியும்போது மற்றொன்றாக வந்து, அந்தக் குழுவைக் கலையாமல் வைத்திருந்தன. ஒரு தொகையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. தொடர்ச்சிதான் பெரிது.

பள்ளத்தைத் தாண்டியது எப்படி

1990களின் நடுவில் நிலைமை இதுதான்: பூமியில் ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடிய சோதனை இயந்திரம் தயார், விண்வெளியில் பறந்த அனுபவம் பூஜ்யம். எந்தச் செயற்கைக்கோள் திட்ட மேலாளரும் விண்ணில் ஓடிப் பார்க்காத ஒரு பொருளைத் தன் திட்டத்தின் முக்கிய இடத்தில் வைக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பல கோடி டாலர் கருவி அதனால் வீணானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் யாரும் முதலில் பறக்க விடாவிட்டால், பறந்த அனுபவம் எங்கிருந்து வரும்? விண்வெளி, பாதுகாப்புத் துறைச் சிறு நிறுவனங்கள் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இது. இரண்டாம் கட்டம் முடிந்து அலமாரியில் உட்கார்ந்திருக்கும் நல்ல பொருட்கள் ஏராளம்.

நிக்மாஸின் பழுது இந்த முடிச்சைத் தலைகீழாக்கியது. கேமரா எப்படியும் செத்துக்கொண்டிருந்தது. புது இயந்திரத்தைப் போட்டுத் தோற்றால் இழக்க எதுவும் இல்லை. வென்றால் ஒரு முழு அறிவியல் கருவி உயிர்க்கும். அதோடு குழு இன்னொன்றையும் கண்டுகொண்டது. நிக்மாஸைத் தரையில் தயார் செய்தபோது, நைட்ரஜனை உறையவைக்க குடுவைக்குள் ஒரு குழாய்ச் சுருள் வைத்து அதில் குளிர்ந்த ஹீலியத்தை ஓட்டியிருந்தார்கள். அந்தச் சுருள் இன்னும் உள்ளே இருந்தது. அதன் இணைப்பு முனைகள் வெளியிலிருந்து எட்டும் இடத்தில் இருந்தன. விண்வெளி வீரர் அங்கே ஒரு குழாயைச் செருகிவிட்டால், குடுவையைத் திறக்காமலே உள்ளே குளிர்ந்த நியானை ஓட்டலாம்! வேறு நோக்கத்துக்காக வைத்த ஒரு சுருள் இல்லாதிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. இந்த இடம் எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது.

முதலில் ஒத்திகை. 1998 அக்டோபர் 29 அன்று கிளம்பிய டிஸ்கவரியின் எஸ்.டி.எஸ்.-95 பயணம், 77 வயதில் ஜான் கிளென் மறுபடி விண்வெளி போனதால் உலகம் முழுக்கச் செய்தியானது. அதே விண்கலத்தின் சரக்கு அறையில் ஹபிளுக்கான புதிய பாகங்களைச் சோதிக்கும் ஒரு மேடையும் போனது. கிரியேரின் குளிர்விப்பான் அதில்தான் முதன்முதலாக எடையற்ற நிலையில் ஓடியது. பழுது தெரிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. ஏற்கெனவே பூமியில் முதிர்ந்த இயந்திரம் என்பதால்தான் இது முடிந்தது. வெறும் யோசனையாக இருந்திருந்தால் அந்தக் காலத்தில் வரைபடமே முடிந்திருக்காது.

2002 மார்ச்சில் கொலம்பியா விண்கலம் ஹபிளை எட்டியது. மார்ச் 8 அன்று நடந்த ஐந்தாவது விண்வெளி நடையில் ஜான் கிரன்ஸ்ஃபெல்டும் ரிச்சர்ட் லின்னஹானும் குளிர்விப்பானைப் பொருத்தி, வெப்பத்தை வெளியே வீசும் தகட்டையும் ஹபிளின் வெளிப்புறத்தில் மாட்டினார்கள். சுமார் 400 வாட் மின்சாரத்தைத் தின்று சுமார் 7 வாட் வெப்பத்தை அகற்றும் இயந்திரம். விகிதம் மோசமாகத் தெரியலாம், அந்தக் குளிரில் அது நல்ல விகிதம். குளிரவைக்க வாரக்கணக்கில் ஆனது, எதிர்பார்த்ததைவிட மெதுவாக. கடைசியில் உணரிகள் 77 கெல்வினில் நிலைத்தன. பழைய 60 கெல்வினைவிட இது சூடுதான். ஆனால் அந்த வெப்பநிலையில் உணரிகளின் ஒளி பிடிக்கும் திறன் முன்பைவிடக் கூடியிருந்தது.

கிடைத்தது என்ன

2004 மார்ச்சில் வெளியான ஹபிள் அல்ட்ரா டீப் ஃபீல்ட் என்ற ஆழ்விண்வெளிப் படத்தில், அகச்சிவப்புப் பகுதியைப் பிடித்தது உயிர்த்தெழுந்த நிக்மாஸ். மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளி விரிவடையும் அண்டத்தில் நீண்டு நீண்டு அகச்சிவப்பாகிவிடும்; சாதாரணக் கேமரா அதைக் காணாது. 2009இல் ஆடம் ரீஸ் குழு அண்டம் விரியும் வேகத்தை அளந்து வெளியிட்ட கணக்கும், நிக்மாஸ் பார்த்த, தூரம் அளக்க உதவும் செபீட் வகை விண்மீன்களின் மேல் நின்றது. அந்த விரிவு வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலி என்ற எண்ணைப் பற்றி இன்றுவரை ஓயாத விவாதத்தில் அது ஒரு முக்கியக் கல்.

2008 செப்டம்பரில் மென்பொருள் மாற்றத்துக்காகக் குளிர்விப்பானை நிறுத்தினார்கள். அப்புறம் அதை நிலையாக ஓட்ட முடியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் புதிய கேமரா ஹபிளில் ஏறியது, நிக்மாஸ் ஓய்வு பெற்றது. மாற்றாக வந்த இயந்திரம் ஆறு ஆண்டுக்கு மேல் ஓடியிருந்தது. மூல வடிவமைப்பில் நைட்ரஜனுக்குக் கணக்கிட்டிருந்த நான்கரை ஆண்டைவிட அது அதிகம்.

இந்த நிகழ்வை எப்படி எடைபோடுவது

எஸ்.பி.ஐ.ஆர். பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் ஒரு கேள்வியில் போய் நிற்கின்றன: எவ்வளவு விற்றாய்? அரசு கொடுத்த ஒரு டாலருக்கு எத்தனை டாலர் விற்பனை, எவ்வளவு தனியார் முதலீடு வந்தது? அந்தத் தராசில் வைத்தால் ஹபிளின் குளிர்விப்பான் தோல்வி. விண்ணுக்குப் போனது ஒன்றே ஒன்று. இந்த வகை இயந்திரத்துக்குக் கடைத்தெருவே இல்லை, வாங்கக்கூடியவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவு. ஆனாலும் அந்த ஒன்று காப்பாற்றிய கருவியின் மதிப்பையும் அது தந்த அறிவியலையும் எந்த விற்பனைப் பட்டியலில் எழுதுவது?

மறுபக்கக் குற்றச்சாட்டையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஆண்டு தவறாமல் ஒப்பந்தம் வாங்கி, அறிக்கை எழுதி, அடுத்ததற்கு விண்ணப்பித்து, பொருளே வெளியே வராமல் இதையே பிழைப்பாக்கிக்கொண்ட நிறுவனங்கள் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இது திரும்பத் திரும்ப எழுந்த புகார்; 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், அதிக ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் அடுத்த கட்டத்துக்குப் போகும் விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. சிக்கல் என்னவென்றால், பல ஆண்டுகள் ஒப்பந்தத்திலேயே வாழ்ந்த ஒரு குழு வெளியிலிருந்து பார்க்கும்போது எப்படித் தெரியும்? குளிர்விப்பான் குழுவும் 1995இல் ஏறக்குறைய அப்படித்தான் தெரிந்திருக்கும். வேறுபாட்டைக் காட்டுவது ஒப்பந்தங்களின் எண்ணிக்கை கிடையாது. ஒவ்வொரு ஒப்பந்தமும் முந்தையதன் மேல் கட்டப்பட்டதா, அதே இயந்திரம் ஒரு படி முன்னேறியதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்குத் தொழில்நுட்பம் புரிந்த, ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இருக்கும் அதிகாரிகள் வேண்டும். கோடார்ட் மையத்தில் கிரையோஜெனிக்ஸ் என்ற கடுங்குளிர்த் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் இருந்தது இந்த நிகழ்வில் பணத்துக்குச் சமமான காரணம்.

அமெரிக்க விமானப்படை 2018இலிருந்து வேறு பாதையையும் திறந்தது. "இந்தப் பொருள் வேண்டும்" என்று குறிப்பாகக் கேட்பதை விட்டு, "உன்னிடம் இருப்பதில் எங்களுக்கு உதவக்கூடியது எது?" என்று திறந்த அழைப்பு விடுவது. 2019 மார்ச்சில் நியூயார்க்கில் ஒரே நாளில் 51 நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்து, அரசுக் கிரெடிட் கார்டில் உடனுக்குடன் பணமும் செலுத்திக் காட்டினார்கள். இத்தகைய அழைப்புகளில் வென்ற நிறுவனங்களுக்குத் தனியார் முதலீடு கூடியது என்றும், பழைய பாணி அழைப்புகளில் வென்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை என்றும் சப்ரினா ஹவல் உள்ளிட்ட பொருளியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மென்பொருள், டிரோன் போன்ற, வெளியிலும் சந்தை உள்ள துறைகளுக்கு இது நல்ல வழி, சந்தேகமில்லை. ஆனால் வாயுப் படலத்தில் மிதக்கும் ஒரு நியான் டர்பைனோடு திறந்த அழைப்புக்குப் போய் நின்றால் எந்த முதலீட்டாளர் பின்னால் வருவார்? அரசைத் தவிர வாங்க ஆளில்லாத பொருளுக்கு, அரசே குறிப்பாகக் கேட்டு, அரசே காத்திருக்க வேண்டும். இரண்டு வழிகளையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒன்றின் பணத்தை எடுத்து மற்றொன்றில் போடுவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன்.

காத்திருந்ததன் இன்னொரு பலன் 2012 ஆகஸ்டில் செவ்வாயில் இறங்கியது. கியூரியாசிட்டி ஊர்திக்குள் இருக்கும் சாம் என்ற குட்டி ஆய்வுக்கூடத்துக்கு வெற்றிடம் உண்டாக்கும் குட்டிப் பம்புகளைச் செய்ததும் இதே கிரியேர்தான். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வேகத்தில் ஓடும் சின்னஞ்சிறு சுழலிகள்; வேலை வேறு, கைத்திறன் அதே குடும்பம். குளிர்விப்பானுக்குக் கொடுத்த பணத்தைக் குளிர்விப்பானோடு மட்டும் கணக்கு முடித்தால் இது கண்ணில் படாது.

எனக்கு மிஞ்சும் கவலை முதல் பறத்தலைப் பற்றியது. டர்போ பிரைடன் விண்ணேறியதற்குக் காரணம் ஒரு விபத்து. நைட்ரஜன் குடுவை நெளியாமல் இருந்திருந்தால், அந்த இயந்திரம் இன்னும் எத்தனை ஆண்டு சோதனைக்கூடத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கும்? இரண்டாம் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் நடுவே இப்போது சில பாலங்கள் வந்திருக்கின்றன. விமானப்படையின் ஸ்ட்ராட்ஃபி என்ற கூடுதல் நிதித் திட்டம் ஒன்று; எஸ்.பி.ஐ.ஆர். பணத்தோடு தனியாரோ வேறொரு அரசுத் திட்டமோ தன் பங்கைப் போட்டால் பல லட்சம் முதல் கோடி டாலர் வரை கூட்டித் தருகிறது. நாசாவும் சிறு ராக்கெட், பலூன் பறத்தல்களில் புதிய கருவிகளுக்கு இடம் தருகிறது. ஆனால் குளிர்விப்பான் போன்ற ஒன்றுக்குச் சில நிமிடப் பறத்தல் போதாது. சுற்றுப்பாதையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓட வேண்டும். 1998இல் ஹபிள் திட்டம் தன் சொந்தச் செலவில் ஒரு சோதனை மேடையையே விண்கலத்தில் ஏற்றியது. அதைப் போன்ற ஒரு மேடை, எந்தக் கருவியும் சாகக் காத்திராமல், இரண்டாம் கட்டத்தில் தேறிய பொருட்களுக்காக ஒழுங்காகப் பறக்க வேண்டும். அதன் செலவு 3.2 சதவீதத்துக்கு வெளியே, பொருளை நாளை வாங்கப்போகும் பெரிய திட்டங்களின் கணக்கிலிருந்து வர வேண்டும்.